மணலுக்குள் காந்தள்

லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நின்று கதிரேசன் அண்ணாச்சி கடை எது என்று கேட்டால் வங்காளிக் குழந்தைகூட வழி காட்டும். இட்லி அரிசி, நல்லெண்ணெய், மோர் மிளகாய், அப்பளம் என்று கொல்கத்தாவில் தமிழ் நாக்கு உள்ளவன் எவனும் அந்தப் படியை மிதிக்காமல் இருந்திருக்க முடியாது. மனுஷர் வியாபாரத்தில் அவ்வளவு சுத்தம். பழைய சரக்கைப் புதுசு என்று யார் தலையிலும் கட்டமாட்டார். வண்டு விழுந்த பருப்பைத் தானே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டுவார். பிழைக்க வந்த ஊரில் அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயமும் அதே அளவுக்கு அவருக்குள் வளர்ந்திருந்தது. அந்தப் பயம் ஓர் உயிரைக் குடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டைமாடி. மாடியில் அண்ணாச்சி செங்காந்தள் வளர்த்தார். காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வடக்கு வங்காளத்து ஆள் ஒருவனிடம் வாங்கி வந்த கிழங்கு. காட்டு ஓரத்துப் புதர்களுக்குள் மற்ற செடிகளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கொடி அது. அதைத் தொட்டிக்குள் வாழவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஏரிக்கரை மரங்களுக்கு அடியில் மக்கிக் கிடக்கும் இலைகளைச் சாக்கில் அள்ளிவந்து ஆற்றுமணலோடு கலப்பார். கிழங்கைப் படுக்கவைத்துத்தான் நடுவார். அதன் நுனியில் ஒரே ஒரு கண்தான் இருக்கும், அது ஒடிந்தால் அந்த வருஷம் போயிற்று. வேருக்கு நிழல் வேண்டும், தலைக்கு வெயில் வேண்டும் என்று தொட்டிகளைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டி, கொடிக்கு மட்டும் மேலே கம்பி இழுத்துவிட்டிருந்தார்.

ஆனி மழை விழுந்ததும் இலை நுனிகள் சுருண்டு கம்பியைப் பிடிக்கும். ஆடியில் பூக்கும். முதலில் பச்சையாய், பிறகு மஞ்சளாய், கடைசியில் நெருப்பாய் மாறி இதழ்களெல்லாம் மேல்நோக்கி நிற்கும். பக்கத்து வீட்டு கோஷ் தாதா மாடிக்கு வந்து, “அக்னிஷிகா!” என்று காந்தளின் வங்காளப் பெயரைச் சொல்லி வாயைப் பிளப்பார். கல்லாப்பெட்டிக்கு முன்னால் சிரிக்காத அண்ணாச்சிக்கு அப்போது முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

அவருடைய மனைவி பிரபாவுக்கு அந்தக் கொடியைக் கண்டாலே ஆகாது. கிழங்கு முழுக்க விஷம் என்று அவளுக்குத் தெரியும். அவரே சொன்னதுதான். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டுதான் அதைத் தொடுவார்.

“சவத்தத் தூக்கிப் போட்டுத் தொலைங்க. திங்கிற சாமான் விக்கிற வீட்டுல வெஷத்தயா வளப்பாங்க?”

“அரளி வைக்காத வீடு உண்டா? அத யாரும் பறிச்சுத் திங்காங்களா? போடி, போய் வேலயப் பாரு.”

இதற்கு மேல் அந்தப் பேச்சு என்றைக்கும் போனதில்லை. அவள் மாடிக்கே போவதில்லை. ஆகவே பூவைத் தெரியுமே ஒழிய, கிழங்கை அவள் கண்ணால் கண்டதில்லை.

ஐப்பசி போனால் கொடி காய்ந்து சரிந்துவிடும். பார்க்கிறவர்கள் செத்துப்போயிற்று என்பார்கள். சாகவில்லை, உறங்குகிறது. அந்த உறக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அழுகிவிடும். கொல்கத்தாவின் தைப்பனியில் ஒரு வருஷம் பாதிக் கிழங்கை அழுகக் கொடுத்தபிறகு, அண்ணாச்சி கார்த்திகையிலேயே கிழங்குகளைத் தோண்டி, மாம்பழப் பெட்டியில் காய்ந்த மணலைக் கொட்டி அதற்குள் புதைத்து மாடி அறையில் வைத்துவிடுவார். இந்த வருஷம் மாடியில் ஒழுகல் என்று கொத்தனார்கள் தரையைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் பெட்டி கீழே இறங்கி, கடையின் பின்னறைக்கு வந்து சேர்ந்தது.

பின்னறையில் இன்னொரு மணல் குவியலும் இருந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்குக் கிழங்கில்லாமல் பொங்கல் கிடையாது. சூரியனுக்கு முன்னால் இலை போட்டுச் சேனை, சேம்பு, சிறுகிழங்கு, சிறுவள்ளி எல்லாம் படைத்து, பிறகு அத்தனையையும் ஒரே பானையில் குழம்பு வைக்க வேண்டும். சேனையும் சேம்பும் இங்கேயே ஓல், கொச்சு என்ற பெயரில் கிடைக்கும். சிறுகிழங்கும் சிறுவள்ளியும் மட்டும் ஊரிலிருந்து ரயிலில் வரவேண்டும். அண்ணாச்சி வருஷா வருஷம் வரவழைத்து, வாடாமல் இருக்க மணலில் புதைத்து வைத்து, பொங்கலுக்கு முந்தி பை போட்டு வீடு வீடாக அனுப்புவார். சிறுவள்ளி விரல் தடிமனில் நீளமாக, மண் நிறத்தில் இருக்கும். காந்தள் கிழங்கும் விரல் தடிமனில் நீளமாக, மண் நிறத்தில்தான் இருக்கும். நடுவில் மட்டும் கலப்பைபோல் வளைந்திருக்கும்.

போகியன்று கரும்பும் மஞ்சள்குலையும் எடுக்க அண்ணாச்சி ஹவுரா பார்சல் ஆபீசுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, “மணல்ல கெடக்கிற கிழங்கு எல்லாத்தயும் எடுத்துப் பை போட்டு அனுப்பிரு” என்று பிரபாவிடம் சொன்னார். சொன்னது அவ்வளவுதான். பெட்டி ஒன்று கீழே வந்திருப்பது அந்த நேரத்தில் அவர் நினைவிலேயே இல்லை.

பொங்கலன்று காலையில் சாம்பிராணி எடுக்கப் பின்னறைக்குப் போனவர், மாம்பழப் பெட்டி காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். மணலைத் துழாவினார். ஒன்றுமில்லை.

“பிரபா! இந்தப் பெட்டியில இருந்தத எங்க?”

“பையில போட்டாச்சு. நீங்கதான எல்லாத்தயும்னு சொன்னீய? வள்ளி பத்தல. கடைசி மூணு பைக்கு இதுல இருந்து எடுத்துப் போட்டேன். ஒண்ணு ஒண்ணும் கோணிக்கிட்டு, பையில அடங்கல. ஒடிச்சுத்தான் வச்சேன். ஏன், என்ன?”

 அவர் முகத்தைப் பார்த்தே, அது காந்தள் கிழங்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. “எம்மா!” என்று வாயைப் பொத்திக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

மூன்று பைகளும் யார் யார் வீட்டுக்கு என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அடுத்த சந்து ஜகதாம்பாள், காளிகாட் சுந்தரம், நியூ டவுனில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிற சுப்பம்மாள் அக்கா.

அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போட்டும் போடாமலும் ஓடினார். ஜகதாம்பாள் வீட்டில் இன்னும் குளித்தே முடிக்கவில்லை. வேறு நல்ல கிழங்கு தருகிறேன் என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார். அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் காளிகாட். சுந்தரம் வீட்டு வாசலில் இலை போட்டுப் படைத்தாகிவிட்டது. அண்ணாச்சியின் காந்தள் கிழங்குகள் கரும்புக்குப் பக்கத்தில், மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டு, சூரியனுக்கு முன்னால் கிடந்தன. 

“என்ன அண்ணாச்சி, நல்லநாளும் அதுவுமா இப்படி வேர்த்து விறுவிறுத்து?” என்றார் சுந்தரம்.

சுந்தரம் நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் ஓயாது. கொல்கத்தாத் தமிழர்களின் வாட்ஸப் குழு அவர் கையில்தான் இருந்தது. இவரிடம் விஷம் என்ற சொல்லைச் சொன்னால், பொங்கல் பொங்கி வடிவதற்குள் நகரம் முழுக்கத் தெரிந்துவிடும். கதிரேசன் கடைச் சாமானில் விஷம். அதோடு கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அண்ணாச்சியின் வாயில் அந்த நொடியில் வேறொரு சொல் வந்தது.

“கிழங்கு கெட்டுப்போச்சு. இந்த மூட்ட மட்டும் உள்ள அழுகல். மனசு கேக்கல, அதான் நானே வந்தேன்.”

“இதுக்கா இவ்வளவு தூரம்? ஒரு போன் போட்டா நான் தூக்கிப் போடமாட்டேனா?”

சுந்தரம் சிரித்துக்கொண்டே கிழங்குகளைப் பொறுக்கிக் கொடுத்தார். ஒரு போன் போட்டால் போதும் என்று அவர் சும்மாதான் சொன்னார். அது அண்ணாச்சியின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கடைக்குத் திரும்பியதும் சுப்பம்மாளுக்குப் போன் போட்டார். பிரபா பக்கத்தில் வந்து நின்றாள்.

“யக்கா, நான் கதிரேசன். பையில சிறுவள்ளி இருக்குல்லா, அது கெட்டுப்போச்சு. சமைக்காதீங்க. தூக்கிப் போட்டுருங்க.”

“அப்படியா தம்பி? நான் இன்னும் நறுக்கல. பாக்க நல்லாத்தான இருக்கு?”

“வெஷம்னு சொல்லுங்க” என்றாள் பிரபா. சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. பிறகு அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். “சொல்லுங்கங்க!”

அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளை முறைத்தார். பிறகு, “உள்ள அழுகியிருக்கும்க்கா. வேண்டாம்” என்றார்.

“சரி தம்பி, நீங்க சொன்னாச் சரி. பிரபாவக் கேட்டதாச் சொல்லுங்க. பொங்கலோ பொங்கல்!”

போனை வைத்ததும் பிரபா பிடித்துக்கொண்டாள். “நேர்ல போயி வாங்கிட்டு வாங்க. இப்பவே கார் போடுங்க.”

“தூக்கிப் போடுதேன்னு சொல்லிட்டாங்கள்லா? அப்புறம் என்ன? வாசல்ல ஆள் நிக்கு, யாவாரத்தப் பாரு. மத்தியானம் ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்.”

மத்தியானம் அவர் போகவில்லை. எங்கே போனார் என்று கேளுங்கள். பின்னறைக்குப் போனார். இரண்டு பைக் கிழங்கையும் செய்தித்தாளில் பரப்பி, ஒவ்வொன்றாய் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கண் ஒடிந்திருக்கிறதா என்று பார்த்தார். பிரபா ஒடித்த இடங்களில் சாம்பல் தடவினார். கண் போனதைத் தனியே ஒதுக்கி, கண் இருந்ததை மணலுக்குள் படுக்கவைத்து, குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி மேலே மணலைத் தூவினார். மூன்றில் ஒரு பங்கு நியூ டவுனில் போய்விட்டதே என்று வருத்தப்படவும் செய்தார். அடப்பாவி மனுஷா! அந்த நேரத்தில் ஒரு காரைப் போட்டிருந்தால்கூட, சாப்பிட்டது வயிற்றை விட்டு இறங்கும் முன்னால் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் சுப்பம்மாளின் மகன் பிரவீண் போன் செய்தான். “அங்கிள், அம்மாவுக்கு ராத்திரியிலருந்து வாமிட். வாயெல்லாம் எரியுதுங்கறாங்க. வயித்தாலயும் போகுது. ஹாஸ்பிட்டல்ல சேர்த்திருக்கோம். அப்பாவுக்கும் லேசா இருக்கு. நேத்து அந்தக் கிழங்கு கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களாமே, அதுல என்ன அங்கிள் இருந்துச்சு?”

 “வாரேன்பா” என்று மட்டும் சொன்னார் அண்ணாச்சி.

பிரபாவும் கூடவே வந்தாள்.  ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்ததும் அண்ணாச்சி தனக்குத் தெரிந்த வங்காள மொழியில், “டாக்டர்பாபு, அது அக்னிஷிகாக் கிழங்கு” என்று சொல்லிவிட்டார். சிறு வயது டாக்டர். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எப்போது சாப்பிட்டார்?”

“நேத்து மத்தியானம்” என்றான் பக்கத்தில் நின்ற பிரவீண்.

“நேற்றே இதைச் சொல்லியிருந்தால் வயிற்றைக் கழுவியிருப்போம். இதற்கென்று மாற்று மருந்து எதுவும் இல்லை. இனி உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.”

பிரவீணுக்கு வங்காள மொழி நன்றாகவே புரியும். அண்ணாச்சி பக்கம் திரும்பினான். “அது விஷம்னு உங்களுக்கு எப்போ தெரியும்?”

பொய் பழகிவிட்டால் நாக்கு யாரையும் கேட்பதில்லை. “இன்னைக்குக் காலம்பரதான் பெட்டியப் பாத்தேன். நேத்து சும்மா அழுகல்னுதான் நெனச்சேன்” என்றார். பிரபா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவுமில்லை. வீட்டுக்குப் போனதும் மாம்பழப் பெட்டியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் கொட்டினாள். அண்ணாச்சி தடுக்கவில்லை.

சுப்பம்மாள் உடனே போய்விடவில்லை. அதுதான் கொடுமை. முதலில் சிறுநீரகம் நின்றது, பிறகு மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டிவந்தது. குழாய் வைக்கும்வரை நினைவு தெளிவாக இருந்தது. ஆளை அடையாளம் கண்டுகொண்டாள், பேசினாள், தண்ணீர் கேட்டாள். அண்ணாச்சி தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார், உள்ளே போகத் தைரியம் வராது. வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்தபிறகு அண்ணாச்சி தனியாக நியூ டவுனுக்குப் போனார். பிரவீண் கதவைத் திறந்து, யார் என்று பார்த்துவிட்டு, உள்ளறைக்குப் போய்விட்டான். சுப்பம்மாளின் புருஷன் சுப்பையா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர், கிழங்கு தின்னமாட்டார். அன்றைக்குக் குழம்பை மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டதால் இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு தப்பித்துவிட்டார். மகனும் மருமகளும் பொங்கலன்று ஆபீசுக்குப் போய்விட்டிருந்தார்கள். இந்த ஊரில் பொங்கலுக்கு ஏது லீவு? பானை நிறையக் குழம்பு வைத்துவிட்டு, தின்ன ஆளில்லாமல் சுப்பம்மாள் ஒருத்தியேதான் கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறாள். ராத்திரி அவர்கள் திரும்புவதற்குள் அவளுக்கு வாந்தி தொடங்கிவிட்டதால் பானையை யாரும் தொடவில்லை.

“இரிங்க” என்றார் சுப்பையா.

அண்ணாச்சி எதிரே இருந்த சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.  கீழே எங்கோ பள்ளிக்கூட வண்டி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணு மட்டும் கேக்கணும்” என்றார் சுப்பையா. “பொங்கலன்னைக்குக் காலைல போன் பண்ணீங்கள்லா? அப்ப அது வெஷக்கிழங்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிரவீணிடம் ஏற்கெனவே சொன்னதுதான், அதையே திருப்பிச் சொன்னால் ஊரும் நம்பும், கடையும் நிற்கும். அந்த மனுஷரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அண்ணாச்சியால் அதைச் சொல்ல முடியவில்லை.

“தெரியும்ண்ணே” என்றார். “கடைப் பேரு கெட்டுரும்னு பயந்து அழுகல்னு சொல்லிட்டேன். பிரபா பக்கத்துல நின்னு சொல்லுங்க சொல்லுங்கன்னு அடிச்சுக்கிட்டா. நான்தான் சொல்லல.”  அழுதார். நியாயமாக அவருக்கு அந்த வீட்டில் அழவும் உரிமை இல்லை.

சுப்பையா அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“வெஷம்னு சொல்லியிருந்தா அவ அத அடுப்படிக்கே கொண்டு போயிருக்கமாட்டா. பயந்தாங்கொள்ளி. கரப்பான் மருந்து வச்ச மூலைக்கு ஒரு வாரம் போகமாட்டா. நீங்க போன வச்சதும் ஒவ்வொண்ணா வெட்டி வெட்டிப் பாத்தா. ஒண்ணுலயும் அழுகல் இல்ல. எங்கிட்டக் கொண்டாந்து காட்டுதா. ‘இங்க பாருங்க, பாலு மாதிரி வெள்ளையா இருக்கு. இதயே கெட்டதுன்னு சொல்லுதாரு கதிரேசன் தம்பி. அவனவன் அழுகினத நல்லதுன்னு விக்கான், இந்த மனுசன் நல்லதக்கூட விக்க மனசு வராம கெடந்து தவிக்காரு’ன்னு உங்களப் பெருமையாப் பேசிக்கிட்டேதான் நறுக்கினா.”

அண்ணாச்சி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“குழாய் வைக்கிறதுக்கு முன்னாடி என்னய மட்டும் உள்ள விட்டாங்க. அப்பவும் உங்க பேச்சுதான். ‘தம்பி வேண்டாம்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்கல. அவர யாரும் ஒரு வார்த்த சொல்லிரக் கூடாது’ன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா.” சுப்பையா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். “அவளுக்குச் செஞ்சு குடுத்த சத்தியம். அதுக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சுப் போயிருங்க.”